பாடும்போது ரீபூட் ஆகிறதா பழைய கம்ப்யூட்டர்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. எண்பது வயதுப் பாட்டி, மறந்துபோன நலங்குப் பாட்டு ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்து பாடிக் கொண்டிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மூன்றாவது அடியில் கம்ப்யூட்டர் தானாகவே ரீபூட் ஆகிவிட்டது. "இன்னொரு தரம் பாடுங்க பாட்டி" என்று கேட்கலாம். ஆனால் அதே பாட்டு அதே போல வராது. அதனால்தான் பாட்டுப் பதிவுக்கு வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரை முன்கூட்டியே சோதித்து வைப்பது நல்லது.

முதலில் பைல்களைக் காப்பாற்றுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், இதுவரை பதிவு செய்ததை வேறு இடத்தில் காப்பி செய்யுங்கள். பலரும் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம். 2021ல் வந்த 3.0 பதிப்பு முதல் ஒரு புராஜெக்ட் முழுவதும் ஒரே பைலாக (.ஏயூபி3) சேமிக்கப்படுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒரு சிறிய .ஏயூபி பைலும், அதே பெயருடன் "_டேட்டா" என முடியும் ஒரு போல்டரும் இருக்கும். ஒலி முழுவதும் அந்த போல்டரில்தான் உள்ளது. பைலை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்தால் பாட்டு வராது. இரண்டையும் சேர்த்து எடுங்கள். காப்பி செய்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்து ஒரு முறை கேட்டும் பாருங்கள்.

பதிவின் நடுவே ரீபூட் ஆகிவிட்டால் பதற வேண்டாம். ஆடாசிட்டியை மீண்டும் திறந்ததும், சேமிக்காத புராஜெக்ட்டை மீட்கவா என்று கேட்கும். மீட்கும்படி கொடுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நோய் எது?

இரண்டு வகைக் கோளாறுகளைப் பலர் குழப்பிக் கொள்கிறார்கள். கம்ப்யூட்டரே நின்றுபோவது ஒன்று. கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்க, ஒலி மட்டும் விட்டுவிட்டு வருவது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் ஹார்டுவேர் பிரச்சினை. இரண்டாவது பெரும்பாலும் செட்டிங்ஸ் பிரச்சினை.

1. திடீரென்று நின்றால்: வெப்பத்தைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறந்து, பிராசசர் மேல் உள்ள ஹீட் சிங்கிலும் விசிறியிலும் படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் நீக்குங்கள். மதர்போர்டில் உள்ள உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அதுவே காரணமாக இருக்கலாம். 2000களின் முதல் பாதியில் வந்த பல மதர்போர்டுகளில் இந்தக் கோளாறு உலகம் முழுவதும் காணப்பட்டது. அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். அதை நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. நீலத்திரை வந்தால்: சில கம்ப்யூட்டர்களில் நீலத்திரை வந்த வேகத்தில் ரீபூட் ஆகிவிடும். "மை கம்ப்யூட்டர்" மீது ரைட் கிளிக் செய்து "பிராப்பர்டீஸ்", "அட்வான்ஸ்டு" சென்று, "ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி" பகுதியில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" எதிரில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி எர்ரர் எண் திரையில் நிற்கும். குறித்துக் கொள்ளுங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி ராம் அல்லது டிரைவர். கடற்கரை ஊர் என்பதால் உப்புக் காற்றும் ஈரமும் ராமின் பித்தளை நிறத் தொடுமுனைகளைக் கறுக்க வைக்கும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றி, தொடுமுனைகளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச புரோகிராமை பென் டிரைவிலிருந்து பூட் செய்து இரவு முழுவதும் ஓட விடுங்கள். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் ராமை நம்பாதீர்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள்.

3. உறைந்து நின்றால், டக் டக் என்ற சத்தம் வந்தால்: ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது. கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் "காஷன்" அல்லது "பேட்" என்று வந்தால், அந்த டிஸ்க்கில் இனிப் பதிவு செய்ய வேண்டாம். டிஸ்க்கில் இடமும் வேண்டும். ஆடாசிட்டி வழக்கமான செட்டிங்கில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 20 எம்பி எடுக்கும். ஒரே மைக் என்றால் மோனோ போதும், இடம் பாதியாகும்.

4. ஒலி விட்டுவிட்டு வந்தால்: மைக்கிலிருந்து வரும் ஒலி, டிஸ்க்குக்குப் போகும் முன் "பஃபர்" என்ற தொட்டியில் நிரம்பும். தொட்டி சிறியதாக இருந்து பிராசசர் சற்றுத் தாமதித்தால் ஒலி வழிந்து வீணாகும். அதுவே கிர்ர் சத்தம். ஆடாசிட்டியின் "பிரிபரன்சஸ்" பகுதியில் "பஃபர் லெங்த்" வழக்கமாக 100 மில்லி செகண்ட். அதை 200 ஆக்கிப் பாருங்கள். வேறு சில புரோகிராம்களில் இது சாம்பிள் கணக்கில் இருக்கும். 44,100 வேகத்தில் 256 சாம்பிள் என்றால் சுமார் 6 மில்லி செகண்ட். 2,048 என்றால் 46. ஏற்கனவே பதிவான தாளத்தைக் கேட்டபடி, உங்கள் குரலையும் ஹெட்போனில் கேட்டுப் பாடினால் இந்தத் தாமதம் உறுத்தும். பாட்டி தனியாகப் பாடுவதற்கு அது ஒரு பொருட்டே அல்ல, தாராளமாகக் கூட்டுங்கள். பதிவின்போது வைஃபையையும் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்தி வையுங்கள்.

5. ங்ங்ங் என்ற இரைச்சல் வந்தால்: இது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். பழைய வயரிங் உள்ள வீட்டில் எர்த் சரியில்லாவிட்டால் வரும். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள். எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள்.

எக்ஸ்பி உள்ள கம்ப்யூட்டரை இன்டர்நெட்டுடன் இணைக்க வேண்டாம். மைக்ரோசாப்ட் அதற்கான பாதுகாப்பு ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்றே நிறுத்திவிட்டது. பதிவுக்கு மட்டும் வைத்துக் கொள்ளலாம்.

எல்லாம் முடிந்தபின் ஒரு ஒத்திகை பாருங்கள். மைக்கின் முன் வானொலியை வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். ஒரு தடங்கலும் இல்லையென்றால் பாட்டியை அழையுங்கள். அப்போதும் மொபைல் போன் ரெக்கார்டரைப் பக்கத்தில் ஓட விடுங்கள். ஒன்று ஏமாற்றினாலும் மற்றொன்றில் பாட்டு இருக்கும்.