நாசி கண்டார்: கேட்டு வாங்கத் தெரிந்தால் பயமில்லை

தோட்டத்திலிருந்து பினாங்குப் பட்டணத்துக்கு நாம் எதற்கெல்லாம் போகிறோம்? தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம். பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றால் சும்மாவேகூடப் போகிறோம். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, கரையில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் நான்கு கடை ஏறி இறங்கினால் மணி ஒன்றாகிவிடும். அப்போது காற்றில் ஒரு வாசம் வரும் பாருங்கள், சோம்பும் பட்டையும் கருவேப்பிலையும் கலந்த குழம்பு வாசம்! அதற்குப் பிறகு யார் பேச்சும் காதில் ஏறாது. குடும்பத்தோடு நாசி கண்டார் கடைக்குள் நுழைந்துவிடுவோம்.

அந்த மேசையைச் சற்றுக் கவனியுங்கள். மகன் தட்டில் கோழி, கணவாய், மீன்முட்டை, முட்டை எல்லாம் குவிந்திருக்கும். அதன்மேல் நான்கு வகைக் குழம்பு வெள்ளமாக நிற்கும். பக்கத்தில் அப்பா, "எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது, நான் எதையும் தொட மாட்டேன், நீங்கள் சாப்பிடுங்கள்" என்று உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் முன்னால் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரே இருக்கும். அது காலியானதும் இன்னொன்று வரும்! சோற்றை விட்ட பெருமையில் சீனியைக் குடித்துக்கொண்டிருக்கிறார், பாவம். இந்த இரண்டு பேருமே வேறு விதமாகச் சாப்பிடலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நாசி கண்டாரே வேண்டாம் என்று சொல்வதற்கு அல்ல. அப்படிச் சொன்னால் நானே கேட்க மாட்டேன்.

முதலில் இந்தச் சோறு எப்படி வந்தது என்று பார்ப்போம். தோளில் ஒரு தண்டு, அதன் இரண்டு முனையிலும் கூடை. ஒன்றில் சோறு, மற்றதில் குழம்பு. இப்படிச் சுமந்து செல்வதற்கு மலாய் மொழியில் 'கண்டார்' என்று பெயர். நம் காவடிக்கு அண்ணன் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள் பினாங்குத் தெருக்களில் இதைச் சுமந்து விற்றார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் துறைமுகத் தொழிலாளர்கள். பிறகு தண்டு போய்க் கடை வந்தது. கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா கடை 1907-இல் தொடங்கியது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டியிருக்கும் கடைக்கு, மக்கள் வரிசை பிடித்து நிற்பதால் 'பெராத்தோர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பினாங்கு ரோட்டிலுள்ள லைன் கிளியர் கடையைத் தெரியாத லாரி ஓட்டுநர் உண்டா?

இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. அந்த அளவுச் சோறு, விடிந்ததிலிருந்து முதுகில் மூட்டை ஏற்றிக் கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் நடந்த உடம்புக்கு அளந்தது. அவன் சாப்பிட்ட சோறு சாயங்காலத்துக்குள் வியர்வையாகப் போய்விடும். இன்றைக்கும் செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் குலை வெட்டிச் சுமக்கிறவருக்கு அப்படிப்பட்ட பசி உண்டு. அவரைப் பார்த்து "அரைச் சோறு சாப்பிடு" என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அவரே ஓய்வு பெற்று லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகும் தட்டின் அளவு குறைவதில்லையே! வேலையை விட்டுவிட்டோம், வேலைக்காரன் சாப்பாட்டை விடவில்லை.

விளைவு என்ன? சுகாதார அமைச்சு 2019-இல் நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். மூன்றில் ஒருவர் என்றே சொல்லலாம். அதைவிட வருத்தமான செய்தி ஒன்று உண்டு. அந்த ஆய்வில் நோய் கண்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. நம் தோட்டங்களில் காலை இழந்தவர்களையும், வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களையும் பார்க்கிறோம். அவர்களில் எத்தனை பேர் இந்த நோயை நேரத்தோடு கண்டுகொண்டார்கள்?

சரி, கடைக்குள் போவோம். மற்ற உணவுக்கும் நாசி கண்டாருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கல்யாண வீட்டில் இலையில் எது விழுகிறதோ அதைத்தான் சாப்பிட வேண்டும். இங்கே அப்படியில்லை. கரண்டியைப் பிடித்தவர் நம்மைப் பார்த்து "என்ன போட?" என்று கேட்பார். நாம் சொல்வதைத்தான் போடுவார். இவ்வளவு அதிகாரம் கையில் இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? பின்னால் வரிசை நிற்கிறதே என்ற அவசரத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் கை காட்டிவிட்டு வருகிறோம். ஆகவே வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் வார்த்தை சோற்றைப் பற்றியதாக இருக்கட்டும். "அண்ணே, சோறு பாதி போதும்." தமிழ் தெரியாத பையன் நின்றால் "நாசி செப்பாரோ" என்றால் புரிந்துகொள்வான். ஒரு கிண்ணம் சோற்றில் ஏறக்குறைய 200 கலோரி இருக்கிறது. அதிலுள்ள மாவுச்சத்து மட்டும் 45 கிராம். கடையில் குவித்துத் தட்டும் சோறு ஒரு கிண்ணத்தோடு நிற்பதில்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது அல்லவா? பாதி என்று கேட்க வெட்கப்படுகிறவர்கள் உண்டு. 'காசில்லாதவன் என்று நினைப்பார்களோ' என்ற எண்ணம். கடைக்காரர் தினமும் நூறு பேரிடம் இதைக் கேட்கிறவர். அவருக்கு நம்மை எடைபோட நேரமில்லை.

அடுத்தது குழம்பு. நாசி கண்டாரின் உயிரே குழம்பில்தான் இருக்கிறது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, கறுத்த மசாலா எல்லாவற்றையும் கலந்து சோறு மிதக்க ஊற்றுவதைப் 'பஞ்சிர்' என்கிறார்கள். வெள்ளம் என்று பொருள். வெள்ளம் வந்தால் வீட்டுக்கு நல்லதில்லை, வயிற்றுக்கும் அப்படித்தான். அதில் தேங்காய்ப்பால், உப்பு, மேலே சிவப்பாக மிதக்கும் எண்ணெய் மூன்றும் இருக்கின்றன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, அதாவது அரைக் கிண்ணச் சோற்றைவிட அதிகம்! உப்போ, மலேசியர் நாளொன்றுக்குச் சராசரி 7.9 கிராம் சாப்பிடுவதாக 2017-18-இல் நடந்த ஆய்வு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குக் கீழே நிற்கச் சொல்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். "இரண்டு குழம்பு மட்டும், கொஞ்சமாக. மேலே உள்ள எண்ணெயை ஒதுக்கிவிட்டு ஊற்றுங்கள்" என்று கேளுங்கள். ருசிக்கு இரண்டு கரண்டி போதும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், குழம்பைக் கலக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவது நல்லது. கலந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

கறி வகைக்கு வருவோம். ஒரே ஒரு துண்டு போதும். பொரித்ததைவிடக் குழம்பில் வெந்தது மேல். தெங்கிரி மீனைப் பொரியலாக வாங்காமல் குழம்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லலாம். கோழி என்றால் தோலை ஒதுக்கிவிடுங்கள். தேன் கோழி என்று பளபளவென்று இருப்பதில் எண்ணெயோடு இனிப்பும் சேர்ந்திருக்கிறது. மீன்முட்டை, கணவாய், இறால் மூன்றிலும் கொலஸ்ட்ரால் அதிகம். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அவற்றைப் பிறர் தட்டில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்லட்டுமா? பணம் கட்டும் இடத்தில் நம்மைத் திடுக்கிட வைப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றுதான். அவித்த முட்டையும் வெண்டைக்காயும் யாரையும் கடனாளி ஆக்கியதில்லை. விலையைக் கேட்டுவிட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை, தாய்மார்களே!

காய்கறியில்தான் நாம் கோட்டை விடுகிறோம். ஒரே ஒரு வெண்டைக்காயைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, காய்கறி சாப்பிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறோம். சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு கணக்குச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். நாசி கண்டார் தட்டில் இதைக் கொண்டுவர முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். அவித்த வெண்டைக்காய் நாலைந்து, முட்டைக்கோஸ் ஒரு கரண்டி, வெள்ளரிக்காய் வேண்டுமளவு. காயை முதலில் போடச் சொல்லுங்கள். தட்டில் இடம் குறைந்துவிட்டால் சோறு தானாகக் குறையும். சாப்பிடும்போதும் காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் மெதுவாக ஏறுகிறது.

பாகற்காயைப் பற்றி ஒரு வார்த்தை. "பாகற்காய் சாப்பிட்டேன், இன்றைக்கு மாத்திரை வேண்டாம்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். பாகற்காய் நல்ல காய்தான். ஆனால் மாத்திரையின் வேலையை அது செய்யாது. கடையில் இருப்பது பெரும்பாலும் எண்ணெயில் முறுகப் பொரித்த பாகற்காய் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி அப்பாவின் தே தாரேக்கு வருவோம். ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி இருக்கிறது. இரண்டு தேக்கரண்டி சீனிக்குச் சமம். குவளையில் ஒரு கரண்டியோடு நிறுத்துகிற கடை எங்கே இருக்கிறது? சாப்பாட்டில் சேர்க்கும் சீனியை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு குவளையிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடலாம். டின்னில் இருப்பதைப் பால் என்று நம்புகிறவர்கள் அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளை ஒருமுறை படித்துப் பாருங்கள். பலவற்றில் பாலைவிடச் செம்பனை எண்ணெயும் சீனியும்தான் அதிகம். நாம் வெட்டிய குலையே நம் தேநீருக்குத் திரும்பி வருகிறது! "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் கிடைக்கும். அது நாக்குக்குப் பழகாதவர்கள் "கூராங் மானிஸ்" என்று தொடங்கி, மெல்ல மெல்லக் குறைக்கலாம். பிள்ளைகளுக்கு ரோஜா நிறத்தில் சர்பத்து வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீர் கேளுங்கள்.

சீனியின் தீமையைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களும் தமிழ் முஸ்லிம் சமூகத்தில் பிறந்தவர்தான். நாசி கண்டார் ஊரிலிருந்தே சீனிக்கு எதிரான குரல் எழுந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் சோற்றை அடியோடு விடக்கூடாது. நேரம் தவறியும் சாப்பிடக்கூடாது. மருந்து உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போது வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், கண் மங்கும், பேச்சுக் குழறும். பெயர் பெற்ற கடைகளில் வரிசை நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவை வெயிலில் வரிசையில் நிறுத்தாதீர்கள். அவரை உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகள் நிற்கட்டும். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். மேலே சொன்ன அடையாளம் தெரிந்தால், உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சீனி மருந்தாகும் நேரம் அது ஒன்றுதான். மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இன்னும் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள், நாற்பது வயது ஆகட்டும் என்று காத்திராமல், பக்கத்து அரசாங்க சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் காரில் ஏறி உட்கார வேண்டாம். கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரை ஏறுவது குறைகிறது. சூலியா தெருவிலிருந்து ஃபெரித் துறை வரை நடக்கிற தூரம்தான். பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

போகிற அவசரத்தில், வீட்டில் இருப்பவர்களுக்குப் பொட்டலம் வாங்குவோம் அல்லவா? கேட்காவிட்டால் பொட்டலத்திலும் சோறும் குழம்பும் தாராளமாக விழும். குழம்பைத் தனிப் பையில் கட்டச் சொல்லுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பும் சோறும் இந்த வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆகவே கடைசியாக, ஃபெரி ஏறும் நேரத்துக்கு வாங்குங்கள். லயத்துக்கு வந்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து இரண்டு தட்டில் வையுங்கள். கொல்லையில் இருக்கும் கீரையை ஒரு கைப்பிடி கிள்ளி வதக்கிப் பக்கத்தில் வைத்தால், பாட்டிக்கும் பேத்திக்கும் அது போதும். மீந்த குழம்பைக் காலை இட்டிலிக்கு என்று வெளியே மூடி வைக்காதீர்கள்.