பச்சை உடம்பும் இரண்டு விரல் இடைவெளியும்

“மறுபடியும் விசேஷமா?”

கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு பெரியம்மா இப்படிக் கேட்டதும் என் தங்கை பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். கைக்குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். கர்ப்பத்தில் ஏறிய எடையெல்லாம் இறங்கியிருந்தது; வயிறு மட்டும் உள்ளே போகவில்லை. எல்லோரும் தொப்பை என்றார்கள். ஆனால் அது கொழுப்பு இல்லை.

வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு நெடுந்தசைகள் இருக்கின்றன. அவற்றை நடுவில் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு நார்ப்பட்டை. கருப்பை வளர வளர இந்தப் பட்டை இளகி அகலமாகும். தசைகள் விலகிக் குழந்தைக்கு இடம் விடும். நிறைமாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பதுதான். பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானே கூடிவிடும், சிலருக்குக் கூடாது. முதல் பிரசவமான 300 பெண்களை நார்வேயில் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கும், ஓராண்டு கழித்துக்கூட மூன்றில் ஒருவருக்கும் விலகல் இருந்தது.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு தலையை மட்டும் லேசாகத் தூக்க வேண்டும். இருபுறமும் தசை விறைக்கும். நடுவில் இரண்டு விரலுக்குமேல் இடைவெளி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது. தங்கைக்கு மூன்று விரல் இறங்கியது. ஆறிய களியில் அழுத்தினாற்போல் மெத்தென்றிருந்தது.

பச்சை உடம்பு என்று பாட்டி பழைய பருத்திப் புடவையால் வயிற்றைக் கட்டிவிட்டார். அந்தக் கட்டு இடுப்புக்கு இதம் தரும், ஆனால் விலகிய தசையைச் சேர்க்காது. மூச்சு முட்ட இறுக்கினாலோ அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்படித் தசைகளைப் படுத்திவிடும். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதும் கெடுதல்தான். மலச்சிக்கல் வரும், முக்க முக்க அந்த நார்ப்பட்டைமேல்தான் பாரம் விழும்.

உடம்புக்குள்ளேயே ஒரு கட்டு இருக்கிறது. வயிற்றின் ஆழத்தில் இடுப்பைச் சுற்றிப் படிந்திருக்கும் குறுக்குத் தசைதான் அது. மூச்சை மெல்ல வெளியே விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுத்தால் அது வேலை செய்யத் தொடங்கும். குழந்தையைத் தூக்கும்போதும் மூச்சை அடக்காமல் இப்படியே விட்டுப் பழகலாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்கட்டும். வயிற்றில் குழந்தை இருக்கும்போதே, படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துக் கையூன்றி எழுந்து பழகுவது நல்லது. எந்த அசைவில் நடுவயிறு கூம்பாகப் புடைக்கிறதோ, அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். யூடியூப் பார்த்துச் சிட்-அப் எடுக்க அவசரம் வேண்டாம். தொப்புளில் கட்டிபோல் புடைத்து வலியும் வாந்தியும் வந்தால், அது குடலிறக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எட்டு மாதத்தில் தங்கை எத்தனை முறை ஊசிக்கும் எடை பார்க்கவும் போய்வந்தாள்! ஒருவரும் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. 45ஆம் நாள் ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, தாயின் வயிற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.