கொலுப்படி வேறு, விளையாட்டு ரேக் வேறு

ரேக் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், டீயைக் குடித்துவிட்டு, வீட்டில் இருக்கிற விளையாட்டுகளை எல்லாம் கூடத்துத் தரையில் பரப்புங்கள். திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து வீடு என்றால் என்னென்ன வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பாட்டி காலத்துப் பல்லாங்குழி, பித்தளைத் தாயக்கட்டை, மடித்த இடத்திலேயே கிழிந்த பரமபதப் படம், கேரம்போர்டு, சிப்பாய் ஒன்று தொலைந்த செஸ், பிசினஸ், ஸ்கிராபிள். பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை இருந்தால் காட்டான், டிக்கெட் டு ரைடு என்று கனமான சதுரப் பெட்டிகள் நாலைந்து கூடுதலாக இருக்கும். ஆடுபுலி ஆட்டம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் கூழாங்கல் பொறுக்கினால் ஆட்டம் ரெடி. பழைய கோயில்களின் கல்தரையில் அதைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். ரேக் தேவைப்படாத ஒரே விளையாட்டு அதுதான்.

பரப்பியதைப் பார்த்தாலே தெரியும், இதில் மூன்று வகை இருக்கிறது. மரமும் பித்தளையுமான பழைய சாமான் ஒன்று. அட்டைப் பெட்டிகள் இன்னொன்று. எதிலும் அடங்காத கேரம்போர்டு மூன்றாவது. இத்தனையையும் ஒரே அலமாரிக்குள் அடக்க நினைத்தால்தான் பணம் வீணாகும்.

கடையில் முதலில், ‘எத்தனை தட்டு வேணும் சார்?’ என்பார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது ஆழம். இன்றைய சதுரப் பெட்டிகள் பெரும்பாலும் 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். பிசினஸ், ஸ்கிராபிள் போன்ற நீளப் பெட்டிகள் 40 செ.மீ. வரை போகும். நம் வீட்டுக் கூடத்து ஷோகேஸின் ஆழமோ எட்டு அங்குலம், மிஞ்சினால் பத்து. அதில் சதுரப் பெட்டியை வைத்தால் குறைந்தது இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கண்ணாடிக் கதவு மூடாது. புத்தக ரேக்கும் அநேகமாக இதே கதைதான். ஆகவே டேப்பை எடுத்து உங்களிடம் உள்ள பெரிய பெட்டியை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவோடு மூன்று அங்குலம் சேர்த்தால் அதுதான் ஆழம். 30 செ.மீ. பெட்டிக்கு 15 அங்குலம். அந்த மூன்று அங்குலம் எதற்கு என்று கேட்பீர்கள். அது பெட்டிக்குப் பின்னால் காற்று போக. ஸ்ரீரங்கத்தில் அது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

போர்டு கேம் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க ஐக்கியாவின் கால்லக்ஸ் ரேக்கை விரும்புவதற்குக் காரணமும் அளவுதான். ஒவ்வொரு கட்டத்தின் உள்ளளவும் 33 செ.மீ. சதுரம், ஆழம் 39 செ.மீ. இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கும் அது பிடித்துப்போனதற்குக் காரணம் அதே கட்டம்தான். நான்கு பெரிய பெட்டிகளை நிற்க வைத்தாலும் ஒரு சின்னப் பெட்டிக்கு இடம் மிச்சமாகும். ஆனால் ஒரு தட்டு தாங்குவது 13 கிலோ என்று அவர்களே குறிப்பிடுகிறார்கள்; அதற்குள் இருப்பது கட்டை மரமும் அல்ல. துகள் பலகையும் அட்டையும் ஈரத்தைக் குடித்தால் உப்பும். உப்பியது திரும்ப இறங்காது. அந்த அளவை மட்டும் காப்பியடியுங்கள், பொருளை விட்டுவிடுங்கள்.

அடுத்து நீளம். பலகை நடுவில் தொய்ந்த அலமாரியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. எல்லோரும் பலகை மட்டம் என்று ஆசாரியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி நீளம்தான். அடிக்கு இவ்வளவு எடை என்று ஒரே சீராக அடுக்கினால், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்காக ஏறும். இரண்டடித் தட்டை மூன்றடியாக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கு ஆவதில்லை, ஐந்து மடங்கு ஆகிறது. பலகையின் கனத்தைக் கூட்டினால் அது மூன்றாம் அடுக்காகக் குறையும். ஆனால் கனத்துக்குக் காசு. நடுவில் ஒரு செங்குத்துப் பலகை நிறுத்துவது அதைவிட மலிவு. 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டடிக்கு ஒரு தாங்கல் இருந்தால் கவலையில்லை.

பிளைவுட் வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு கைகொடுக்கும். முழு ஷீட் எட்டடிக்கு நாலடி, அதாவது 48 அங்குல அகலம். 16 அங்குலமாக மூன்று பட்டை எடுக்கலாம் என்று தோன்றும். ரம்பம் தின்கிற அகலத்தால் கடைசிப் பட்டை குறைந்துவிடும். 15 அங்குலமாக அறுத்தால் மூன்று முழுப் பட்டை போக, மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ரீப்பர் மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். தட்டின் முன் விளிம்புக்குக் கீழே நிறுத்தி வைத்து அடித்துவிடச் சொல்லுங்கள். தொய்வு பாதிக்கும் மேல் அடங்கிவிடும். அறுத்த விளிம்பும் மறையும். கடையில் ‘கமர்ஷியல்’ என்று தருவது ஐ.எஸ். 303 தரம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் ஈரத்துக்கு நிற்கும், விலை அதிகம். சன்மைக்கா ஒட்டினால் போதும் என்பார்கள். மேலே ஒட்டினால் மேலே மட்டும்தான் காப்பு. சுவரைப் பார்க்கிற பக்கமும் அறுத்த ஓரங்களும் வெறுமையாக இருந்தால் ஈரம் அந்த வழியாகத்தான் நுழையும்.

சரி, ஈரத்துக்கு வருவோம். ஸ்ரீரங்கம் தீவு. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். தரைத்தள வீடுகளில் சுவர் அடியிலிருந்து ஓதம் ஏறுவது புதிதல்ல. உத்தர வீதி, சித்திரை வீதி பக்கத்துப் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த கனத்த சுவர் என்பதால் அது உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். அந்தச் சுவரிலேயே பதித்த அலமாரி பார்க்க அழகு. அதில் பித்தளையை வைக்கலாம், சோழியை வைக்கலாம். அட்டைப் பெட்டியை வைக்காதீர்கள். ஒரு மழைக்காலம் போதும், பெட்டியின் பின்பக்கம் கருமை பூத்து, மூலையில் ஒட்டிய காகிதம் உரிய ஆரம்பிக்கும். புது ஃபிளாட்டில் ஆபத்து வேறு இடத்தில்: பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் பொதுவான சுவர். கையை வைத்துப் பாருங்கள். மற்றச் சுவர்களைவிடச் சில்லென்று இருந்தால் ரேக்குக்கு அது வேண்டாம்.

கரையானும் அதே சுவர் வழியாகத்தான் வரும். இரும்பு ரேக் வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். கரையான் இரும்பைத் தின்னாது, அதன்மேல் மண்பாதை கட்டிக்கொண்டு ஏறிப்போய் அட்டையைத் தின்னும். ரேக்கைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் அந்த மண்கோடு கண்ணில் படும். பெட்டிக்குப் பின்னால் விடச் சொன்ன மூன்று அங்குலமும் இதற்கு உதவும். கீழ்த்தட்டும் தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே இருக்கட்டும். வீடு துடைக்கிற தண்ணீரே பெட்டிகளுக்குப் பாதி எதிரி.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்கு அட்டைப் பெட்டிகளுக்கு இரும்புதான் சரி என்று படுகிறது. மரத்தின் அழகு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருச்சியில் இருந்துகொண்டு இரும்பு வேலைக்குத் தயங்க வேண்டியதில்லை. 1960களில் பெல் ஆலை வந்ததிலிருந்து திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகள் பெருகின. வெல்டிங் தெரிந்த கைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஓட்டை போட்ட ஆங்கிள் ரேக் மூன்றடி நீளத்தில், 12, 15, 18 அங்குல ஆழங்களில் வரும். 15ஐக் கேட்டு வாங்குங்கள். தகட்டின் கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெல்லிசாகும். 22ஐ நீட்டினால் 20ஐக் கேளுங்கள். பட்டறையில் செய்யச் சொன்னால், ‘அண்ணே, நடுவுல ஒரு தாங்கல் குடுத்துருங்க, பவுடர் கோட்டிங் அடிச்சிருங்க’ என்று இரண்டே வாக்கியம் போதும். பட்டறைக்காரர் பின்பக்கமும் தகடு அடைக்கட்டுமா என்று கேட்பார். வேண்டாம்.

எந்த ரேக் ஆனாலும் ஐந்தடிக்கு மேல் உயரமென்றால் மேல்பகுதியைச் சுவரோடு கட்ட வேண்டும். குழந்தைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். பழைய காரைச் சுவரில் சின்ன பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, பொலபொலவென்று உதிரும். நீளமான ஸ்க்ரூவைச் செங்கல்லுக்குள் போகும்படி இறக்க வேண்டும். வாடகை வீட்டில் ஓனர் துளை போட விடமாட்டார் என்றால், உயரமான ஒன்றுக்குப் பதிலாக மூன்றரை அடியில் இரண்டு குட்டை ரேக்குகளாகப் பிரித்துவிடுங்கள்.

இப்போது அடுக்குகிற விஷயம். ஸ்ரீரங்கத்து வீடுகளில் அடுக்கிக் காட்டுவது என்றாலே கொலுப்படிதான் நினைவுக்கு வரும். மடக்குகிற இரும்புப் படி வீட்டிலேயே இருக்கிறதே, அதையே வருஷம் முழுக்கப் போட்டு விளையாட்டுகளை வைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. படிக்குப் பத்து அங்குலம் வைத்தால்கூட ஏழு படி தரையில் கிட்டத்தட்ட ஆறடியை அடைத்துக்கொள்ளும். இடத்தை விடுங்கள், நோக்கமே வேறு. கொலு பார்ப்பதற்கு. ஒன்பது நாள் எல்லாமே முன்னால் நின்று தெரிய வேண்டும், யாரும் தொடக்கூடாது. முடிந்ததும் துணியும் செய்தித்தாளும் சுற்றிப் பரணுக்குப் போய்விடும். விளையாட்டு ரேக்கின் வேலை அதற்கு நேர் எதிர். சாயங்காலம் கரண்ட் போன பத்து நிமிஷத்தில் ஒரு ஆட்டத்தை எடுத்து, முடிந்ததும் அதே இடத்தில் வைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் ரேக் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. மூன்று பெட்டியைத் தூக்கி வைத்தால்தான் நாலாவது வரும் என்கிற வீட்டில் அந்த நாலாவதை யாரும் விளையாடுவதில்லை.

ஆகவே அடிக்கடி எடுப்பது இடுப்பிலிருந்து கண் வரையுள்ள தட்டுகளில் வரட்டும். குழந்தைகளுடையது கீழே. கனமானதும் கீழேயே, ஒரு பெட்டியே பத்து கிலோ நிறுக்கிற ஆட்டங்கள்கூட இப்போது வருகின்றன, அதைத் தலைக்கு மேலே வைத்துவிட்டு ஸ்டூல் போட்டு இறக்குவது வம்பு. பெட்டியை நிறுத்துவதா, படுக்க வைப்பதா என்பதில் சேர்ப்பவர்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். நிறுத்தினால் எடுப்பது சுலபம், ஆனால் உள்ளே காயும் சீட்டும் ஒரு மூலைக்குச் சரியும். படுக்க வைத்தால் உள்ளே கலையாது, ஆனால் அடிப்பெட்டி அமுங்கும். ஜிப் கவர் வாங்கிக் காய்களைப் பிரித்துப் போட்டுவிட்டு நிறுத்துங்கள் என்பது என் கட்சி. மூடி தளர்வான பழைய பெட்டிகளை மட்டும் இரண்டு, மூன்றுக்கு மேல் போகாமல் படுக்க வைக்கலாம்.

பரமபதம் இதில் தனி. நிறைய வீடுகளில் அது வருஷத்துக்கு ஓர் இரவு, வைகுண்ட ஏகாதசி அன்று கண் விழிக்கத்தான் வெளியே வருகிறது. ஸ்ரீரங்கத்தில் அந்த ராத்திரி தூங்குகிற வீடு குறைவு. அதற்கு நல்ல தட்டைக் கொடுக்கத் தேவையில்லை. மடிக்காமல் சுருட்டி, துணிக்கடையில் தூக்கிப் போடும் அட்டைக்குழல் ஒன்றில் செருகி, ரேக்கின் உச்சியில் படுக்க வையுங்கள். குழலின் இரண்டு வாயையும் மெல்லிய துணியால் கட்டி, உள்ளே கொஞ்சம் வசம்பு போட்டால் ராமபாணப் பூச்சி அண்டாது.

காட்டிக்கொள்ள ஆசை இருக்கும்தானே. அதற்கு அந்த எட்டு அங்குல ஷோகேஸ் இருக்கிறது. மடக்குப் பல்லாங்குழியைத் திறந்து, பதினாலு குழியும் தெரிகிற மாதிரி சாய்த்து வைக்கலாம். தாயக்கட்டை, சோழி, மரச் செஸ் காய்கள் எல்லாம் அங்கேதான் எடுபடும். பல்லாங்குழியில் புளியங்கொட்டையைப் போட்டே வைக்காதீர்கள், வண்டு விழும். வெயிலில் காயவைத்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஷோகேஸ் இருந்தால் திரை வேண்டும், திருச்சி வெயில் இரண்டு கோடையில் சிவப்பை ரோஸாக்கிவிடும். கண்ணாடிக் கதவு புழுதியைத் தடுக்கும், ஈரத்தையும் உள்ளேயே பூட்டும். வாரம் ஒருமுறை திறந்து விடுங்கள்.

மாடி வீட்டில் பரணுக்கு எதையும் ஏற்றாதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கிற அனலில் பசை விட்டுவிடும், பிளாஸ்டிக் காய் வளையும்.

கேரம்போர்டு மிச்சம். ஆடுகளம் மட்டுமே 74 செ.மீ. சதுரம், சட்டத்தோடு சேர்த்தால் எந்த ரேக்கிலும் நுழையாது. கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பதுதான் வழக்கம், அதுதான் போர்டைக் கெடுக்கிறது. ஒரு மூலையில் எடை இறங்கி நாளடைவில் பலகை முறுக்கிக்கொள்ளும். பிறகு காய் எப்போதும் ஒரே பக்கமாக ஓடும். ஓதமில்லாத உள்சுவரில் இரண்டு தடித்த கொக்கி அடித்து, ஆடுகளம் சுவரைப் பார்க்க நேராகத் தொங்கவிடுங்கள். கொக்கி அடிக்க முடியாத வீட்டில் பீரோவின் தலையில் படுக்கப் போடலாம். ஸ்ட்ரைக்கரையும் பவுடரையும் அதே இடத்தில் ஒரு பையில் மாட்டிவிட்டால் தேட வேண்டாம்.

ரேக் நின்ற பிறகு ஒரு மாதம் கழித்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். எடை ஏறியதும் முதலில் கொஞ்சம் தளரும், பிறகு நின்றுவிடும். ரேக்கோடு வந்த ஸ்பானரை மேல்தட்டிலேயே நூலில் கட்டி வைத்தால் வீடு மாற்றும்போதும் உதவும்.