மருந்து கொடுத்த கையால் கடை நடத்திய மேரி சீக்கோல்



நம் பெண் பிள்ளைகளில் ஒருத்தி ஐந்தாம் படிவம் வரை நன்றாகப் படித்துவிட்டால் லயத்துக்கே சந்தோஷம். "மிசி வேலைக்கு எழுதிப் போடு" என்று ஆளுக்கு ஆள் சொல்வோம். நல்ல வேலைதான். வெள்ளை உடை, மாதச் சம்பளம், நாலு பேரிடம் மரியாதை. ஆனால் அதே மிசி பத்து வருஷம் கழித்து, "சொந்தமாக ஒரு தொழில் தொடங்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன சொல்கிறோம்? "உனக்கு ஏம்மா இந்தத் தொல்லை? சீக்காளியைப் பார்த்தவளுக்கு யாபாரம் தெரியுமா?" என்கிறோம்.

சீக்காளியைப் பார்த்த கைக்கு வியாபாரம் வருமா, வராதா? ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போன ஒரு பெண்மணியைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம். அவர் பெயர் மேரி சீக்கோல். அவர் ஜெயித்ததையும் சொல்வோம், விழுந்ததையும் சொல்வோம். இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு.

மேரி பிறந்தது 1805ஆம் ஆண்டு, ஜமேக்கா தீவின் கிங்ஸ்டன் பட்டணத்தில். ஜமேக்கா அன்று வெள்ளைத் துரைமார்களின் கரும்புத் தோட்ட நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்கள் அடிமைகளாக அங்கே கரும்பு வெட்டினார்கள். 1834ஆம் ஆண்டு அடிமை முறையை ஒழித்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் 1838 வரை பழைய எஜமானர்களிடமே கட்டாய வேலை பார்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகு தோட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று துரைமார்கள் எங்கே ஆள் தேடினார்கள் தெரியுமா? இந்தியாவில்தான். ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டு மக்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் 1845ஆம் ஆண்டு மே மாதம் ஜமேக்காவில் போய் நின்றது. நம் பாட்டன் பூட்டன் மலாயாவுக்கு வந்த கதைக்கு அதுவும் ஒரு தாயாதிக் கதைதான்.

மேரியின் தகப்பனார் ஸ்காட்லாந்துக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். தாயார் அடிமைத் தளையில் இல்லாத கலப்பினப் பெண். பச்சிலை, வேர், பட்டை கொண்டு வைத்தியம் பார்ப்பதில் பெயர் எடுத்தவர். தங்கும் விடுதியும் வைத்திருந்தார். சீக்கான பட்டாளத்துக்காரர்கள் அங்கே தங்கி, சாப்பிட்டு, மருந்து குடித்துத் தேறுவார்கள். சமையலும் வைத்தியமும் கணக்குப் புத்தகமும் ஒரே கூரையின் கீழ்! மேரி சின்ன வயதில் பொம்மைக்கு மருந்து கொடுத்து விளையாடினார். பிறகு நாய் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் தாயாருக்குத் துணையாகச் சீக்காளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். இன்றைய மிசிகளைப் போல் பள்ளியில் பயின்று பட்டயம் வாங்கியவர் அல்லர். நைட்டிங்கேல் அம்மையார் லண்டனில் தாதியர் பள்ளி தொடங்கியதே 1860ஆம் ஆண்டில்தான்.

வியாபாரப் புத்தியும் இளமையிலேயே வந்துவிட்டது. லண்டனுக்கு இரண்டாம் முறை போனபோது ஊர் ஊறுகாயையும் பழப்பாகு வகைகளையும் எடுத்துப் போய் விற்றார். பக்கத்துத் தீவுகளுக்கும் சரக்கு வாங்கி விற்கப் போய் வந்தார். 1836ஆம் ஆண்டு எட்வின் சீக்கோல் என்பவரை மணந்து இருவருமாகக் கடை வைத்தார்கள். 1843ஆம் ஆண்டு கிங்ஸ்டனில் பெருந்தீ. வீடு சாம்பலானது. 1844ஆம் ஆண்டு கணவர் இறந்தார். பின்னாலேயே தாயாரும் போய்விட்டார். மேரி மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. வீட்டை மறுபடி கட்டினார், விடுதியை நடத்தினார். 1850ஆம் ஆண்டு ஜமேக்காவில் காலரா வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது அந்த நோயை அருகில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்.

மறு வருஷம் பனாமாவில் தம் சகோதரர் விடுதி வைத்திருந்த இடத்துக்குப் போனார். கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போகிறவர்கள் கடந்து செல்லும் வழி அது. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கும் காலரா வெடித்தது. முறையான வைத்தியர் இல்லாத ஊர். மேரியே இரவு பகலாக வைத்தியம் பார்த்தார். பணம் உள்ளவன் கொடுத்தான், இல்லாதவனுக்கு இலவசம். அங்கேயே சாப்பாட்டுக் கடையும் வைத்தார். சேவைக்கு ஒரு கணக்கு, வியாபாரத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்து நடத்தும் பழக்கம் அங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது என்று நாம் நினைக்கிறோம்.

இனிதான் முக்கியமான கட்டம். 1854ஆம் ஆண்டு பிரிட்டன் ரஷ்யாவோடு கிரிமியாவில் போரில் இறங்கியிருந்தது. குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்த சிப்பாய்கள் அதிகம். தாதிமார் தேவை என்று லண்டனில் கூப்பிட்டார்கள். மேரி போய் நின்றார். காலராவும் மஞ்சள் காய்ச்சலும் பார்த்த அனுபவம், பட்டாளத்து வைத்தியர்களின் சிபாரிசு, எல்லாம் கையில் இருந்தன. ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். எல்லாக் கதவும் சாத்தியே கிடந்தது. தம் தோலின் நிறம்தான் காரணமோ என்று அவரே பின்னாளில் தம் நூலில் கேட்டிருக்கிறார். தகுதி இருந்தும் "ஆள் எடுத்தாச்சு, போம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன?

தாதியாகப் போக விடவில்லை. சரி, வியாபாரியாகப் போகிறேன் என்று முடிவு செய்தார். கணவர் வழி உறவினரான தாமஸ் டே என்பவரைப் பங்காளியாகச் சேர்த்து 'சீக்கோல் அண்ட் டே' என்று கம்பெனி தொடங்கினார். கிரிமியாவில் 'பிரிட்டிஷ் ஹோட்டல்' திறக்கப் போகிறோம் என்று அட்டை அச்சடித்து முன்கூட்டியே அனுப்பினார். 1855ஆம் ஆண்டு சரக்குகளோடு சொந்தச் செலவில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. நம் ஊரில் அந்த வயதில் ஒரு பெண்ணைப் பார்த்து, "பேரன் பேத்தியைப் பார்த்துக்கிட்டு இரு" என்போம்.

பாலக்லாவா துறைமுகத்துக்குச் சில மைல் தள்ளி, பட்டாள முகாமுக்குப் போகும் பாதை ஓரமாக இடம் பிடித்தார். கடலில் மிதந்து வந்த மரம், பெட்டிப் பலகை, இரும்புத் தகடு என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு கட்டடம் எழும்பியது. கடையில் சப்பாத்து, கம்பளி, குதிரைச் சேணம், டின் சாமான் எல்லாம் கிடைக்கும். சுடச்சுடச் சாப்பாடும் கிடைக்கும். பால் கிடைக்காத இடத்தில் பால் இல்லாமலே அரிசிப் பாயசம் செய்து போட்டார்! விடியற்காலம் எழுந்து கோழி உரித்து, இறைச்சி வெட்டி, மருந்து கலந்து, பிறகு வருகிற சீக்காளிகளைப் பார்ப்பார். கோவேறு கழுதைமேல் மருந்தும் கட்டுத்துணியும் தின்பண்டமும் ஏற்றிக்கொண்டு சண்டை நடக்கும் இடத்துக்கே போய்க் காயம் கட்டுவார். திருடர் தொல்லை, எலித் தொல்லை, வெள்ளம் எல்லாவற்றையும் சமாளித்து, பல நாட்டு வேலையாட்களை வைத்து நிர்வாகம் செய்தார். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் போர் நிருபர் வில்லியம் ரஸ்ஸல் அவரைப் புகழ்ந்து எழுதினார்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் மதுவும் விற்றது. நைட்டிங்கேல் அம்மையார் 1870ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தில், மேரி சிப்பாய்களுக்கு நன்மை செய்தார் என்று ஒப்புக்கொண்டு, பலரைக் குடிக்க வைத்தார் என்றும் குறை சொல்லியிருக்கிறார். கள்ளுக்கடையால் எத்தனை குடும்பம் சீரழிந்தது என்று அறிந்த நாம் இதை லேசாக விட முடியாது. லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் தொழில் தர்மத்தில் சேர்ந்ததுதான்.

சரி, இவ்வளவு கெட்டிக்காரியின் கடை ஏன் மூழ்கியது? 1856ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. உலகத்துக்கு அது நல்ல செய்தி. மேரிக்கோ, கிட்டங்கி நிறையச் சரக்கு. பட்டாளம் மூட்டை கட்டிக் கிளம்பியது. வாங்க ஆள் இல்லை. நல்ல விலைச் சரக்கெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போயிற்று. கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் லண்டன் நீதிமன்றத்தில் நொடித்துப் போனவராக நின்றார்.

தோழர்களே, இதை நாம் நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். ஒரே தோட்டத்தை நம்பி மளிகைக் கடை வைத்தவர்கள், 555 புத்தகத்தில் பற்று எழுதி எழுதிச் சாமான் கொடுத்தவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் என்ன ஆனார்கள்? சனங்கள் ஆளுக்கு ஒரு தாமானாகப் பிரிந்து போனார்கள். பற்றுப் புத்தகம் மட்டும் கடைக்காரரிடம் மிஞ்சியது. மேரிக்குத் திறமை குறையவில்லை, நாணயம் குறையவில்லை. வாடிக்கை முழுவதும் ஒரே இடத்தில் இருந்ததுதான் அவரைக் கவிழ்த்தது.

விழுந்தவரைச் சிப்பாய்கள் மறக்கவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 1857ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனில் நான்கு நாள் நிதி விழா நடத்தினார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் அந்த மைதானத்தை நடத்திய கம்பெனியே நொடித்துப் போனதால் மேரியின் கைக்கு வந்தது வெறும் 57 பவுன்! மேரி சளைக்கவில்லை. அதே ஆண்டு தம் வரலாற்றைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். 1867ஆம் ஆண்டு மறுபடி நிதி திரட்டினார்கள். 1881ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி லண்டனில் காலமானபோது 2,500 பவுனுக்கு மேல் சொத்து வைத்துவிட்டுத்தான் போனார். பிறகு உலகம் அவரை வெகுகாலம் மறந்திருந்தது. 2016ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நைட்டிங்கேல் அம்மையாரின் தாதியர் பள்ளி தொடங்கிய மருத்துவமனையும் அதுதான்!

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மிசி வேலை பார்த்த பெண்ணுக்கு என்ன தெரியும்? எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எப்போது தீரும் என்று தெரியும். எழுதி வைக்காத வேலை செய்யாத வேலை என்று தெரியும். சுத்தம் தெரியும், நேரம் தெரியும், சிடுசிடுக்கும் மனிதரையும் சமாளிக்கத் தெரியும். தொழிலுக்கு இதைவிட நல்ல முதல் எது? பிள்ளை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, பிரசவித்த தாய்மாருக்குச் சமைத்துக் கொடுப்பது என்று அவருக்கு ஏற்ற தொழில்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஆனால் துணிச்சல் மட்டும் போதாது. நான்கு விஷயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, சட்டம். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நாலு பேரோ அதற்கு மேலோ வைத்துப் பார்த்தால், 1984ஆம் ஆண்டு பிள்ளைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். முதியோர் இல்லத்துக்கும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சமூகநல இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

இரண்டாவது, பங்காளி சொந்தக்காரராக இருந்தாலும் எழுத்தில் போடுங்கள். யார் எவ்வளவு போட்டார், நஷ்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று முதல் நாளே எழுதிவிட்டால் பிறகு சொந்தம் கெடாது.

மூன்றாவது, ஒரே வாடிக்கையை நம்பாதீர்கள். பற்றுக்கு ஓர் எல்லை வையுங்கள். இரக்கத்துக்கு இலவசமாகக் கொடுத்தால் அதை இலவசம் என்றே எழுதுங்கள். வராத கடனை வரும் என்று எழுதி உங்களையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

நான்காவது, சங்கத்துக்காரர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்வது. நாளைக்கு நீங்கள் முதலாளியானால், உங்களிடம் வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் ஊழியர் சேமநிதி, சொக்சோ இரண்டும் கட்டுங்கள். "சொந்தக்காரப் பொண்ணுதானே" என்று கூலியைக் குறைக்காதீர்கள். நாம் எதை எதிர்த்துப் பிரட்டுக் களத்தில் நின்றோமோ அதையே நம் பெண்கள் செய்யக்கூடாது.

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மகளோ மருமகளோ தொழில் என்று பேச்செடுத்தால் வாயை அடைக்காதீர்கள். கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.