மான் படத்துக்குக் கேமரா: வாங்கும் முன்பும் பொருத்தும் முன்பும்

இரவில் தோட்டத்துக்குள் வந்து போகும் புள்ளிமானையோ ஓடையில் இறங்கும் கடமானையோ படம்பிடிக்க விரும்புவோர் இன்று முதலில் தேடுவது, மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராவை. ஆள் இல்லாமல் விலங்கைப் படமெடுக்கும் முறை புதிதல்ல. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் எடுத்த இரவுநேர வனவிலங்குப் படங்களை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1906 ஜூலையிலேயே வெளியிட்டது. 2018-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைக்கப்பட்ட தானியங்கிக் கேமராக்கள் ஏறத்தாழ 3.48 கோடிப் படங்களைப் பதிவுசெய்தன. ஆகவே தொழில்நுட்பத்தை ஐயப்படத் தேவையில்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் பார்த்து வாங்கிவிட்டு, பழுதானால் யாரைக் கேட்பது, எங்கே பொருத்தலாம், யார் படமெல்லாம் அதில் விழும் என்று யோசிக்காமல் விடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கருவி, அதை விற்றவர், அதைப் பொருத்தியவர் ஆகிய மூவரும் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்தால் மட்டுமே ஒரு கேமராவை நம்பகமானது என்று சொல்ல முடியும்.

முதலில் கருவி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது மெகாபிக்சல். பல மலிவான கேமராக்களில் உள்ள சென்சார் சில மெகாபிக்சல் அளவே படமெடுக்கும்; மீதிப் புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பும். கோப்பு பெரிதாகும், மானின் கொம்போ புள்ளியோ கூடுதலாகத் தெளியாது. கேட்க வேண்டியது சென்சாரின் அசல் அளவு. அதைவிட முக்கியம், விலங்கு எதிரே வந்ததிலிருந்து படம் விழும்வரை ஆகும் நேரம். இது அரை நொடிக்குள் இருந்தால் நடந்து போகும் மான் சட்டத்துக்குள் அகப்படும். ஒரு நொடியைத் தாண்டினால் பெரும்பாலும் வால்தான் மிஞ்சும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கேமரா எடுத்துக்கொள்ளும் ஓய்வு நேரமும் கூட்டமாக வரும் மான்களுக்கு முக்கியம். இரவுப் படத்துக்கு இருவகை அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. 850 நானோமீட்டர் விளக்கு தொலைவுக்கு எட்டும், ஆனால் மங்கலாகச் சிவந்து தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. எட்டும் தூரம் குறைவு, படமும் சற்றுப் பொரிப்பொரியாக இருக்கும். மான் மிரளக் கூடாது என்று நினைப்பவர் இரண்டாவதையே எடுக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் மழையையும் மனதில் வைத்தே எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கேமராவை இயக்கும் உணரி, விலங்கின் உடல் வெப்பத்துக்கும் பின்னணி வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு நகர்வதைக் கொண்டு விழித்துக்கொள்கிறது. கோடை நண்பகலில் தரையும் பாறையும் மானின் உடல் அளவுக்குச் சூடேறும்போது அந்த வேறுபாடு மங்கிவிடும். எதிரே மான் நின்றாலும் படம் விழாது. வெயிலில் காய்ந்த இலைகள் காற்றில் அசைந்தால் வெற்றுப் படங்கள் குவியும். இதைப் பழுது என்று எண்ணிக் கேமராவை மாற்றுவதில் பயனில்லை. கேமராவை வடக்கோ தெற்கோ பார்த்து வைத்து, முன்னால் உள்ள புல்லையும் கொடியையும் ஒதுக்கி, மான் தடத்துக்குக் குறுக்காக அல்லாமல் சாய்வாகப் பொருத்தினாலே பெரும் வேறுபாடு தெரியும். புள்ளிமானுக்கு இடுப்புயரம் சரி. சருகுமானுக்கு முழங்காலுக்கும் கீழே. நீர்காப்புக்கு ஐபி66 என்ற குறியைத் தேடுங்கள். தூசி புகாது, பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும் என்பது அதன் பொருள். சிம் கார்டு போடும் வகை வாங்கினால், அது நம் நாட்டு நிறுவனங்களின் 4ஜி அலைவரிசையில் இயங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டுச் சேவைக்கென்றே பூட்டப்பட்ட கேமரா இங்கே படம் அனுப்பாது.

விலை கூடினால் நம்பிக்கையும் கூடும் என்று சிலர் வாதிடலாம். ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் இங்கே வாரண்டி செல்லாத விலையுயர்ந்த இறக்குமதிக் கேமராவைவிட, பொறுப்பேற்க ஆள் உள்ள நடுத்தர விலைக் கேமரா மேல். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடும், அதிகபட்ச விலையும் பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும் என்பது சட்டம். பில் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆன்லைனில் வாங்கினால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனவே வாங்கும் நாளிலேயே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டு முற்றத்திலேயே பகலும் இரவும் சோதித்துப் பாருங்கள். காட்டோரத்தில் கட்டி ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கெடு கடந்திருக்கும்.

சில ஆயிரம் ரூபாய்க்காகக் கோர்ட்டுக்கு அலைவதா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு இப்போது அடிப்படை இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வாங்கியவருக்கு உரிமை இருப்பதுபோலவே பொருத்துபவருக்குப் பொறுப்பும் உண்டு. சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றில் படமெடுக்க, 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். கேமராவுக்கு முன்னால் உப்புக்கட்டியோ பழமோ வைத்து மானை வரவழைக்கும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. தீனி காட்டி ஈர்ப்பதையும் வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. படத்துக்காகத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்பிவிடலாம் என எண்ண வேண்டாம். மான் வரும் இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டுப் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது வேட்டைக்காரருக்கு வழிகாட்டுவதாகும்.

என் பட்டா நிலத்தில் என் கேமரா, அதில் யாருக்கு என்ன என்பது அடிக்கடி எழும் கேள்வி. நிலம் உங்களுடையதாக இருக்கலாம். அதன் ஓரமாக விறகுக்கும் தண்ணீருக்கும் நடந்து போகும் பெண்ணின் அந்தரங்கம் அவருடையது. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் நடந்து 2024-இல் வெளியான கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு, விலங்குகளுக்காக வைத்த கேமராவில் விழுந்த ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் வாட்ஸ்அப்பில் பரவியதைப் பதிவுசெய்திருக்கிறது. கேமராவுக்கு அஞ்சிய பெண்கள் காட்டில் சத்தமாகப் பேசுவதையும் பாடுவதையும் குறைத்துக்கொண்டார்கள். விலங்குகளை விலகச் செய்த பாதுகாப்பும் அதோடு போயிற்று. அந்தரங்க நிலையில் ஒரு பெண்ணைப் படமெடுப்பதும் அதைப் பரப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்கீழ் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் வேறுபாடின்றி இதற்குத் தண்டனை வகுக்கிறது. தற்செயலாகப் பதிந்த படத்தைக்கூட மற்றவருக்கு அனுப்பும் உரிமை கேமராவுக்குச் சொந்தக்காரருக்கு இல்லை. பாதிக்கப்பட்டவர் காவல் நிலையத்திலும், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம்.

ஆகவே கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்சாரின் அசல் அளவையும் இங்கே செல்லும் வாரண்டியையும் எழுத்தில் கேளுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். காட்டு எல்லைக்குள் வைப்பதானால் முதலில் அனுமதி வாங்குங்கள். சொந்த நிலமானாலும் ஆள் நடக்கும் தடத்தை விட்டு விலக்கி வைத்து, கேமரா இருக்கிறது என்று ஊராருக்குச் சொல்லுங்கள். மனிதர் விழுந்த படத்தைப் பார்த்தவுடன் அழித்துவிடுங்கள்.