பாப்பா பாஸ்போர்ட்டைப் பாருங்க!

குழந்தைகளே! விடுமுறைக்கு வீட்டோடு சிங்கப்பூர் போகலாம் என்று அப்பா சொல்கிறாரா? பெட்டி வாங்கப் பாண்டி பஜாருக்குக் கிளம்பும் முன், உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் முடியும் தேதியைப் பாருங்கள். பெரியவர்களுடையது 10 ஆண்டுகள் செல்லும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுடையதோ 5 ஆண்டுகள்தான்! அப்பா, அம்மா பாஸ்போர்ட் செல்லும்போதே உங்களுடையது, தம்பியுடையது காலாவதி ஆகியிருக்கலாம். அதோடு, சிங்கப்பூருக்குள் நுழைய இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். ஒருவருடையது குறைந்தாலும் விமான நிலையத்திலிருந்தே திரும்ப நேரிடும். விசாவும் அவரவருக்குத் தனித்தனி.

கைக்குழந்தைக்குக் கூடத் தனி பாஸ்போர்ட் உண்டு. தி.நகர், மயிலாப்பூரில் இருப்பவர்கள் சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போகலாம். மற்றவர்களுக்கு அங்கேயே படம் எடுப்பார்கள். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும், வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைக் கொண்டு போக வேண்டும். முன்பதிவும் அவசியம்.

இன்றே ஒரு தாளில் வீட்டிலுள்ள எல்லோரின் பெயரையும், எதிரே முடியும் தேதியையும் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். டிக்கெட் போடுவது அதற்குப் பிறகுதான்!