பாத்திரத்தின் அடி கறுக்கிறதா? உங்கள் கேஸ் அடுப்பைக் கவனிக்க வேண்டிய நேரம் இது!

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் அடுப்படி கடைசிக் கட்டில்தான் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் போக வேண்டும். விறகடுப்புப் புகை திறந்த முற்றம் வழியாக மேலே போய்விடும். இன்று காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளில் சமையலறை சின்னதாகிவிட்டது. ஒரே ஒரு ஜன்னல். அதையும் கொசுவுக்குப் பயந்து சாத்தி வைத்திருப்போம். அந்த அறையில்தான் தீபாவளி முறுக்கும் அதிரசமும் சுட, கேஸ் அடுப்பு மணிக்கணக்கில் எரிகிறது.

பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும் அடுப்பு ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. அதற்கு முன்பே சில அறிகுறிகளைக் காட்டும். அவற்றில் எதற்கு மெக்கானிக் போதும், எதற்குப் புதுசு வாங்க வேண்டும்?

மஞ்சள் தீ சொல்வது என்ன?

நல்ல அடுப்பின் தீ நீலமாக, சீராக எரியும். தொடர்ந்து மஞ்சளாக எரிந்தாலோ, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தாலோ, கேஸ் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். எரிபொருள் வீணாகிறது, சிலிண்டரும் சீக்கிரம் தீர்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய அறையில் சேர்ந்தால் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. சமைக்கும்போது மட்டும் தலைவலி வந்து, வெளியே போனதும் சரியாகிறதா? அடுப்பையும் கவனியுங்கள்.

ஒரு விஷயம்: சோறு பொங்கி வழிந்து உப்புத் தண்ணீர் பட்டால் தீ கொஞ்ச நேரம் ஆரஞ்சாகத் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இதற்கு ரிப்பேர் போதும்

* பர்னர் துளைகளில் அழுக்கு அடைத்து, தீ ஒரு பக்கம் மட்டும் எரிவது. பர்னரைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகும்.
* காற்றுத் துளையில் சிலந்தி வலை, தூசி, ஜெட்டில் அடைப்பு. ஜெட்டை ஊசியால் நீங்களே குத்தாதீர்கள். துளை பெரிதானால் கேஸ் அதிகமாக வரும்.
* திருகு இறுகிப்போவது. உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும், மெக்கானிக் சரிசெய்துவிடுவார்.

இதை மாற்றியே ஆக வேண்டும்

* ரப்பர் டியூப்: ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விரிசல், எலி கடித்த தடம் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். டேப் சுற்றி ஓட்டக் கூடாது. நீளம் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம்.
* ரெகுலேட்டர்: தளர்வாக உட்கார்ந்தால் கேஸ் ஏஜென்சியில் சொல்லி மாற்றுங்கள். வெளிக்கடையில் வாங்க வேண்டாம்.
* அடுப்பு: கண்ணாடியில் விரிசல், அடிப்பகுதி துருப்பிடித்து ஆட்டம் காண்பது, பழுது பார்த்த பிறகும் திருகு பக்கம் கசிவு... இவற்றில் ஒன்று இருந்தாலும் புதிய அடுப்புதான் நல்லது. பர்னர் மட்டும் உருகி வளைந்திருந்தால் அதே கம்பெனி பர்னர் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அடுப்பையே மாற்றுங்கள்.

விசேஷத்துக்குப் பெரிய அண்டாவை வீட்டு அடுப்பில் ஏற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. பாத்திரம் அகலமாக இருந்தால் வெப்பம் கீழே திரும்பி, கண்ணாடியையும் திருகையும் கெடுக்கும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சோப்புத் தண்ணீரை டியூப் இணைப்புகளில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது மிக ஆபத்து.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களை வெளியே அழைத்து வந்த பிறகு, 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் எண் இது.

சிலிண்டருக்கும் தேதி உண்டு

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர் வரை. ‘டி 27’ என்றால் 2027 டிசம்பருக்குள் சோதனைக்கு அனுப்ப வேண்டிய சிலிண்டர். தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இன்று ராத்திரி சமையல் முடிந்ததும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். தீயின் நிறம், டியூபில் அச்சிட்ட வருடம், பாத்திரத்தின் அடி. மூன்றையும் பார்த்துவிட்டு, சிலிண்டரை மூடிய பிறகு தூங்கப் போங்கள். அம்மா, ஆச்சி தனியாகச் சமைக்கும் வீடாக இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதலில் அடுப்படிக்குள் எட்டிப் பாருங்கள்!